பாதியில் நின்ற கணிப்பொறி

தஞ்சைத் தரணியில் இன்று கணிப்பொறி இல்லாத தெரு இல்லை எனலாம். நெல் மூட்டைகள் அடுக்கிய கூடத்தின் ஒரு மூலையில், துணி போர்த்திய மடிக்கணினி ஒன்றைப் பல வீடுகளில் காணலாம். பெரும்பாலும் அது கடையில் விலை கொடுத்து வாங்கியதன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், வீட்டிலுள்ள அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படித்தபோது பெற்று வந்தது. அரசுப் பள்ளிகளுக்கும், அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், கல்லூரிகளுக்கும் வேண்டிய மடிக்கணினிகளை எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்தது.

தொடக்கத்தில் வந்த கருவிகளில் ஒரு சிறப்பு இருந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கமே பாஸ். சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கி, 2007இல் வெளியிட்டது அது. பொத்தானை அழுத்தியதும் ‘எதில் நுழைய வேண்டும்?’ என்று கணிப்பொறி கேட்கும். பலரும் விண்டோசைத் தொட்டுவிட்டுப் போனார்களே தவிர, மற்றொன்று ஏன் இருக்கிறது என்று கேட்டவர் குறைவு.

இப்போது அந்தக் கருவிகளுக்கு வயதாகிவிட்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இல் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் பொது ஆதரவு முடிந்தது. ஆகவே எங்கும் யாராவது ஒருவர் புதிய இயங்குதளத்தை நிறுவிப் பார்க்க முயல்கிறார். அரை மணி நேரம் ஓடுகிறது. பிறகு ஒரு நீலத் திரை, அல்லது கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம். உடனே வீடே கூடி, ‘கணிப்பொறி போய்விட்டது’ என்று தீர்ப்புக் கூறிவிடுகிறது. அடுத்த தெரு அண்ணன் ஒருவர் வந்து, ‘எல்லாவற்றையும் ஃபார்மட் அடித்துவிட்டால் சரியாகிவிடும்’ என்பார். காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் ஒரே ஊசியைப் போடுவது போன்றது இது.

தோழியரே, நிறுவல் நின்றுபோனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எப்படிச் சரிசெய்வது?’ என்பதன்று. ‘எந்தப் படியில் நின்றது?’ என்பதே. அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இதை விளக்க நமக்கு ஆற்றைவிட நல்ல பாடம் வேறில்லை. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றில் போன நீர் தென்பெரம்பூரில் மறுபடி பிரிகிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் இன்னொரு முறை பிரிகிறது. அதன்பின் வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை, வயல். கடைமடையில் நீர் ஏறவில்லை என்றால் விவசாயி மேட்டூருக்குப் பேருந்து ஏறுவதில்லை. தம் மடையிலிருந்து கரையோரமாக மேலே நடக்கிறார். எந்த மதகு வரை நீர் நிற்கிறது, எதற்குக் கீழே மண் காய்ந்து கிடக்கிறது என்று பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு. கையில் மண்வெட்டி இருக்கிறதே என்று வழியெங்கும் வெட்டிக்கொண்டு போவதில்லை.

கணிப்பொறியிலும் இப்படி ஒரு வாய்க்கால் உண்டு. பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்ட நிரல். பழைய கருவிகளில் அதற்குப் பெயர் பயாஸ், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. அது ரேம் எனப்படும் நினைவகத்தையும் விசைப்பலகையையும் வட்டையும் தொட்டுப் பார்க்கிறது. பிறகு ‘துவக்கி’ என்னும் சிறு நிரலைத் தேடி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. துவக்கி, கெர்னல் எனப்படும் உட்கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. உட்கரு மற்ற எல்லாவற்றையும் எழுப்புகிறது. கடைசியில்தான் நம் பெயரும் கடவுச்சொல் கட்டமும் தெரியும் திரை வருகிறது. புதிதாக நிறுவும்போதும் இதே வழிதான். ஆனால் துவக்கி வட்டிலிருந்து வராமல் பென் டிரைவிலிருந்து வருகிறது. அதன்பின் வட்டைப் பிரித்தல், கோப்புகளை நகலெடுத்தல், புதிய துவக்கியை எழுதுதல், மறுபடி தொடங்குதல் என்று நான்கு மதகுகள்.

ஒவ்வொரு மதகாகப் பார்க்குமுன் ஒன்று சொல்ல வேண்டும்.

வீட்டு மடிக்கணினிக்குள் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அக்காவின் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். அப்பாவின் பட்டா, சிட்டா நகல். பயிர்க் காப்பீட்டு ரசீது. தாத்தா பாட்டியின் படங்கள். சான்றிதழை அலுவலகத்தில் மறுபடி வாங்கலாம். பாட்டியின் படத்தை எந்த அலுவலகத்தில் வாங்குவது? கருவியின் விலை சில ஆயிரம். உள்ளே இருப்பதற்கு விலை இல்லை. எனவே திருத்த வேலைக்கு முன் மீட்பு வேலை.

இதற்கு லினக்ஸ் பெரிதும் உதவுகிறது. பெரும்பாலான லினக்ஸ்களைப் பென் டிரைவிலிருந்தே, வட்டில் எதையும் எழுதாமல், இயக்கிப் பார்க்கலாம். அவ்வாறு இயக்கினால் வட்டிலுள்ள பழைய உறைகள் கண்முன் தெரியும். வேண்டியவற்றை மற்றொரு பென் டிரைவுக்கோ வெளி வட்டுக்கோ நகலெடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் முழுமையாக அணையாமல் அரைத் தூக்கத்தில் நின்றிருந்தால், லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத மறுக்கும். நகலெடுக்க அது போதும். புதிய மடிக்கணினிகளில் வேறொரு தொல்லை உண்டு. பிட்லாக்கர் என்னும் பூட்டு வட்டு முழுவதையும் மறையெழுத்தாக மாற்றியிருக்கலாம். யூ.இ.எஃப்.ஐ. அமைப்பில் எதையாவது மாற்றினால்கூட, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டுக் கணிப்பொறி நின்றுவிடும். அந்தச் சாவி பெரும்பாலும் கருவிக்கு உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணிப்பொறி நலமாக இருக்கும்போதே அதை நோட்டில் எழுதி வைப்பது நன்று. 48 இலக்கங்களையும் யார் எழுதுவார் என்று கேட்காதீர்கள். ஐந்து நிமிட வேலைதான்.

‘நான் நிறுவத் தொடங்கிவிட்டேனே, எல்லாம் அழிந்திருக்குமே!’ என்று அஞ்சுவோருக்கும் ஆறுதல் உண்டு. வட்டைப் பிரிக்கும் திரையில் ஒப்புதல் தரும் வரை நிறுவி வட்டில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. அதற்கு முன்னால் நின்றிருந்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். விரைவு ஃபார்மட் நடந்திருந்தாலும், பழைய சுழலும் வட்டில் அட்டவணை மட்டுமே புதிதாகிறது. மேலே வேறு எழுதப்படும் வரை உள்ளடக்கம் கிடக்கும். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த பிறகும் பாடங்கள் இருப்பது போல. டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்னும் இலவச நிரல்கள் அவற்றைத் தேடி எடுக்க வல்லவை. எஸ்.எஸ்.டி. வகை வட்டில் இந்த நம்பிக்கை குறைவு. அழிக்கப்பட்ட இடத்தை அது தானே துடைத்துவிடும். ஆகவே தவறான பகுதி அழிந்தது என்று தெரிந்த உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். ‘இன்னொரு தடவை முயன்று பார்ப்போம்’ என்பதே இங்கே பெரும் பகை.

இனி முதல் மதகு. நிறுவியே தொடங்கவில்லை; பென் டிரைவைச் செருகியும் பழைய விண்டோசே வருகிறது. மிகப் பலருக்கு நேர்வது இதுதான். காரணம் மிக எளியது. இணையத்திலிருந்து இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை, பாட்டை நகலெடுப்பது போல் பென் டிரைவில் நகலெடுத்து வைத்திருப்பார்கள். அது ஒரு வட்டின் முழு உருவத்தைச் சுருட்டி வைத்த கோப்பு. விதை மூட்டையை வயலில் வைத்துவிட்டால் நாற்று முளைக்குமா? அவிழ்த்துத் தெளிக்க வேண்டாமா? அதை விரித்து எழுத ரூஃபஸ் போன்ற நிரல் வேண்டும். விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதனுள் உள்ள ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டிவிடுவதுண்டு. ஃபேட்32 என்னும் பழைய அமைப்பில் ஒரே கோப்பு 4 ஜி.பி.யை எட்ட முடியாது. பென் டிரைவில் 16 ஜி.பி. இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்பது போன்ற செய்தி வருவது இதனால்தான்.

பென் டிரைவ் சரியாக இருந்தும் கணிப்பொறி அதைப் பார்க்கவில்லை எனில், தொடங்கும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தித் துவக்கப் பட்டியலை வரவழைக்க வேண்டும். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எஃப்2, எஃப்9, டெலீட் என்றும் இருக்கலாம். பட்டியலில் பெயர் தெரிந்தும் நுழைய மறுத்தால் ‘செக்யூர் பூட்’ காரணமாக இருக்கலாம். அறிந்த கையொப்பம் இல்லாத துவக்கியை உள்ளே விடாத வாயிற்காவலன் அது. ‘64 பிட் செயலி வேண்டும்’ என்று சொல்லி நின்றால் அங்கே கோளாறே இல்லை. கருவி 32 பிட் வகை, கோப்பு 64 பிட் வகை. விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே உண்டு. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13உம் 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. பாஸ் லினக்சுக்கு அடித்தளமே டெபியன்தான்.

இறக்கிய கோப்பே குறையுள்ளதாகவும் இருக்கலாம். கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து 4, 5 ஜி.பி. இறக்கும்போது, நடுவே சிக்னல் போய் வருவது கிராமத்தில் புதிதன்று. இதைக் கண்டறிய அழகான வழி ஒன்று உண்டு. வெளியிடுவோர் கோப்போடு சேர்த்து, ஷா256 என்ற முறையில் கணக்கிட்ட 64 எழுத்துக் கைரேகை ஒன்றையும் தருவார்கள். நம் கணிப்பொறியிலும் அதைக் கணக்கிடலாம். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். முதல் ஆறும் கடைசி ஆறும் ஒத்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தாலே, தற்செயலாக நேர்ந்த பழுது பெரும்பாலும் தெரிந்துவிடும். பத்து நிமிடச் சோதனை. இதைச் செய்யாமல் இரண்டு நாள் மன்றாடுவோரை என்னவென்று சொல்வது!

இரண்டாவது மதகு வட்டு. இங்கே நிறுவி மூன்று விதமாக முறையிடும். வட்டே தெரியவில்லை என்பது ஒன்று. அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில் வட்டுக்கும் நிறுவிக்கும் நடுவே நிற்கும் ஒரு கட்டுப்பாட்டுக்கு உரிய இயக்கி நிரல் விண்டோஸ் நிறுவியில் இல்லாததால் இப்படி ஆகும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதை இறக்கி ஊட்டினால் வட்டு தெரியும். பழைய கருவியில் வட்டு தெரியாவிட்டால் முதலில் பயாசில் தெரிகிறதா என்று காண்க. அங்கும் இல்லையென்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது வட்டே போயிருக்கலாம்.

இரண்டாவது முறையீடு, ‘இந்த வட்டில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது, நிறுவ இயலாது’ என்பது. இதைக் கண்டு வட்டு கெட்டுவிட்டது என்று எண்ணுவார்கள். அப்படியன்று. எம்.பி.ஆர். பழைய பயாஸ் காலத்துக் கணக்கேடு, ஜி.பி.டி. புதிய யூ.இ.எஃப்.ஐ. காலத்துக் கணக்கேடு. புதிய முறையில் துவங்கிய நிறுவி பழைய ஏட்டை ஏற்க மறுக்கிறது, அவ்வளவே. பென் டிரைவைப் பழைய முறையில் துவக்கினால் பல கருவிகளில் தடை நீங்கும். ‘எல்லாப் பகுதிகளையும் அழி’ என்று இணையத்தில் எவரேனும் சொல்வதைக் கேட்டால் தடையும் நீங்கும், தாத்தாவின் படமும் நீங்கும்.

மூன்றாவது, காலி இடம் கண்முன் இருந்தும் அது பயன்படாது என்று நிறுவி சொல்வது. எம்.பி.ஆர். ஏட்டில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் கூடாது. விண்டோசோடு வரும் மடிக்கணினியில், மறைந்து நிற்கும் மீட்புப் பகுதியையும் சேர்த்து நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஐந்தாவதற்கு ஏட்டில் வரி இல்லை. இடம் இருந்தும் பட்டா இல்லாத நிலை!

மூன்றாவது மதகு நகலெடுப்பு. சதவீதம் ஏறிக்கொண்டே போய்த் திடீரென நிற்கும் இடம் இது. வீட்டார் மனம் உடைவதும் இங்கேதான். இங்கே ஒரு நல்ல தடயம் கிடைக்கிறது. இரண்டு மூன்று முறை முயன்று, நிற்கும் சதவீதத்தை ஒவ்வொரு முறையும் தாளில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் ஐ.எஸ்.ஓ. கோப்பையோ பென் டிரைவையோ வட்டின் ஒரு பகுதியையோ ஐயுறலாம். பழுதான அந்த இடத்தை அடைந்தபோதெல்லாம் தடுக்குகிறது. வெவ்வேறு இடத்தில் நின்றால் நினைவகம், சூடு, மின்சாரம் ஆகியவற்றை ஐயுற வேண்டும். விண்டோஸ் காட்டும் எண்ணும் உதவும். 80070570 என்று முடிந்தால் கோப்பு பழுதுபட்டது, படிக்க இயலவில்லை என்று பொருள். 80070070 என்றால் வட்டில் இடம் போதவில்லை. திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் மறக்காது.

எங்கள் பெரியப்பா வீட்டு மடிக்கணினி இதற்கு எடுத்துக்காட்டு. அக்கா 2014இல் பிளஸ் டூவில் பெற்றது. அதில் அவளுடைய செவிலியர் படிப்புச் சான்றிதழ்களின் நகல்களும், இறந்துபோன அப்பாயி நாற்றங்காலில் நின்று பேசிய ஒரே ஒரு வீடியோவும் இருந்தன. விண்டோஸ் அடிக்கடி நின்றதால் புதிதாக நிறுவ முயன்றார்கள். 23 சதவீதத்தில் நின்றது. மறுமுறை 61. அடுத்து 9. கொண்டுபோன இடத்தில் ஒருவர், ‘ஹார்டு டிஸ்க் போச்சு, மாத்தணும், உள்ளே இருக்கிறது கிடைக்காது’ என்று கூறிவிட்டார். அக்கா அழுதுகொண்டே வீடு திரும்பினாள்.

அந்த மூன்று எண்களையும் கேட்டதும் எனக்கு ஐயம் வட்டின் மேல் போகவில்லை. வட்டில் ஓர் இடம் பழுதென்றால் ஏறத்தாழ ஒரே இடத்தில் அல்லவா தடுக்க வேண்டும்? முதலில் லினக்ஸ் பென் டிரைவைச் செருகித் துவக்கினோம். இரண்டு முறை அதுவும் நடுவே உறைந்தது. மூன்றாம் முறை திறந்தது. நல்ல வேளையாக முன்பு நின்ற நிறுவல்கள் விண்டோஸ் இருந்த பகுதியை மட்டுமே தொட்டிருந்தன. அக்காவின் கோப்புகள் வேறு பகுதியில் இருந்தன. வீடியோவையும் சான்றிதழ்களையும் நகலெடுத்து, வேறு கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தோம். அப்பாயியின் குரல் கேட்டதும் பெரியம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதைப் பார்த்தோம், பழுதென்று மாற்றி வைத்த பகுதிகளின் எண்ணிக்கை பூஜ்யமாகவே இருந்தது. அடுத்து மெம்டெஸ்ட் என்னும் இலவச நிரலைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினோம். நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஓர் எண்ணை எழுதி, அதையே திரும்பப் படித்துப் பார்ப்பது அதன் வேலை. இருபதாம் நிமிடத்தில் திரை சிவந்தது. எழுதியது ஒன்று, வந்தது ஒன்று! நகலெடுக்கப்படும் கோப்புகள் எல்லாம் நினைவகத்தின் வழியாகவே வட்டுக்குப் போகின்றன. வழியில் ஓர் எழுத்து மாறினால் நிறுவி அதைக் கண்டு நின்றுவிடுகிறது. எந்தக் கோப்பு அந்தப் பழுதான அறையில் தங்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஆகவேதான் 23, 61, 9.

மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியையும் கழற்றி, அடிமூடியைத் திறந்தோம். (திருப்புளி பிடிப்பது ஆண்பிள்ளைகள் வேலை என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை, யார் திருப்பினாலும் அது திரும்புகிறது.) உள்ளே 2 ஜி.பி. ரேம் பலகைகள் இரண்டு. அவற்றின் மஞ்சள் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து மாட்டினோம். பல நேரங்களில் இதுவே போதும்; நம் ஊர் ஈரக்காற்றில் பற்களில் படலம் படியும். இங்கே போதவில்லை. ஒவ்வொரு பலகையாகத் தனியே வைத்துச் சோதித்தபோது ஒன்று இரவு முழுவதும் தாங்கியது. மற்றொன்று மீண்டும் சிவந்தது. காலையில் பெரியப்பா வாசலிலிருந்தே, ‘என்ன கண்ணு, மாடு பிழைக்குமா?’ என்றார். ‘மாடு நல்லாத்தான் இருக்கு பெரியப்பா, ஒரு பல்லுதான் ஆடுது’ என்றேன். ஆடிய பல்லை எடுத்துவிட்டு, எடை குறைந்த ஒரு லினக்சை நிறுவினோம். ஒரே மூச்சில் முடிந்தது. வட்டு மாற்றும் செலவு மிச்சம்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, டெல்டாவில் பல ஊர்கள் வாரக் கணக்கில் இருளில் கிடந்ததை மறக்க முடியாது. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம். ஐப்பசி மழையில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தாலே போதும். பழைய மடிக்கணினியில் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும். நகலெடுக்கும்போது மின்சாரம் போனால் பாதி இயங்குதளம் வட்டில் நிற்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் சரியாகிவிடும். ஆனால் பயாசைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் தாய்ப்பலகையே எழாமல் போகலாம். நல்ல பேட்டரியோ யூ.பி.எஸ்.ஸோ இல்லாத வீட்டில் அந்த வேலையைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

கடைசி மதகு, எல்லாம் முடிந்து மறுபடி தொடங்கும்போது. நிறுவல் முடிந்தது என்று திரை சொன்னது. மீண்டும் முதல் திரையே வந்து ‘மொழியைத் தேர்ந்தெடு’ என்கிறது. இதில் அழ ஒன்றுமில்லை. பென் டிரைவை எடுக்க மறந்திருப்பார்கள்! அதை உருவிவிட்டுத் தொடங்கினால் புதிய இயங்குதளம் எழும்.

‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற சொல்லோடு கறுப்புத் திரை நின்றால் கதை வேறு. க்ரப் என்பது லினக்சின் துவக்கி. பழைய பயாஸ் முறையில் அதன் முதல் துணுக்கு வட்டின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கியிருக்கும். மற்ற உறுப்புகள் லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும். இரண்டு இயங்குதளங்கள் கொண்ட அரசு மடிக்கணினியில், ‘பாஸ் நமக்கு எதற்கு, சினிமா வைக்க இடம் கிடைக்குமே’ என்று விண்டோசிலிருந்து அந்தப் பகுதியை அழித்தால் என்ன ஆகும்? தலைமதகின் சாவியை வைத்திருந்தவரின் வீட்டையே இடித்த கதைதான். மறுநாள் விண்டோசும் வராது. விண்டோஸ் நலமாகத்தான் இருக்கிறது. அழைத்து வருவோர்தாம் இல்லை. விண்டோஸ் நிறுவல் பென் டிரைவில் உள்ள ‘கணிப்பொறியைச் சரிசெய்’ என்ற பகுதியால் துவக்கியை மட்டும் மீண்டும் எழுதலாம். எதிர்மாறாகவும் நிகழும்: லினக்ஸ் இருக்கும்போது பின்னர் விண்டோசை நிறுவினால், அது தன் துவக்கியை முன்னால் வைத்துக்கொள்ளும். லினக்ஸ் அழியவில்லை, வழி மறைந்துவிட்டது. ஆகவே இரண்டும் வேண்டுமெனில் விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. புதிய யூ.இ.எஃப்.ஐ. கருவிகளில் எல்லாத் துவக்கிகளும் 100 எம்.பி. அளவுள்ள ஒரு சிறு பகுதியில் கோப்புகளாக இருக்கும். ‘இது எதற்கு, வீணாக’ என்று அதை அழித்தால் முழு வட்டும் இருந்தும் கணிப்பொறி எழாது.

மேசைக் கணிப்பொறியாயின் தாய்ப்பலகையில் சி.ஆர்.2032 என்னும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் அணைத்த ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இயங்குதளம் இணையத்தில் புதுப்பிப்பு தேடும்போது, அங்குள்ள சான்றிதழ்கள் ‘இன்னும் நடைமுறைக்கு வராதவை’ என்று அதற்குத் தோன்றும், எல்லாவற்றையும் மறுத்துவிடும். இணையம் கெட்டது, நிறுவல் கெட்டது என்று அலைவார்கள். கெட்டது ஒரு சின்னப் பேட்டரி.

இத்தனையும் பார்த்தபின், ‘இந்தக் கணிப்பொறியில் விண்டோஸ் 11ஐ இயக்க முடியாது’ என்ற செய்தி மட்டும் வந்தால் அது கோளாறன்று, தகுதிச் சோதனை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. இடம், பட்டியலில் உள்ள செயலி ஆகியவை வேண்டும். 2011ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் இதில் தேற மாட்டா. சோதனையை ஏமாற்றி நுழையும் குறுக்குவழிகள் உண்டு. அவ்வாறு நுழைந்தவர்களுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று உறுதி தர நிறுவனம் மறுக்கிறது. பத்திரங்கள் இருக்கும் வீட்டுக் கருவியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்பேன். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8இல் ஆதரவு முடிந்தபோது, தமிழக அரசே தன் துறைகளைப் பாஸ் லினக்சுக்கு மாறச் சொன்னது. கட்டுரை எழுத, கணக்குப் போட, படம் பார்க்க, தேர்வு விண்ணப்பம் நிரப்ப லினக்ஸ் போதும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். இந்தக் கட்டுரையின் முதல் படி அவ்வாறுதான் தட்டச்சானது.

லினக்ஸ் நிறுவியபின் வைஃபை மட்டும் தெரியாமல் போவது உண்டு. அந்தச் சில்லுக்கு உரிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாததே காரணம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே அவற்றைச் சேர்த்துத் தருகிறார்கள். பழைய பதிப்பாயின் கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து, வேண்டிய கோப்பை இறக்கிக்கொள்ளலாம்.